எதுக்கும்காரர் வறுத்த மீன்

காஞ்சிபுரத்துக் கோபுரங்களை எண்ணிவிடலாம். எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த எதுக்கும்காரரின் சந்தேகங்களை எண்ண முடியாது. பிறந்த அன்றே, ‘எதுக்கும் இன்னொரு தடவை பிறந்து பார்த்துவிடலாமா’ என்று அவர் யோசித்திருப்பார் என்பது என் எண்ணம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால், “எதுக்கும் இருக்கட்டும்” என்றுதான் ஆரம்பிப்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிள்ளையார்பாளையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். அதில் இரண்டு ஹார்ன். ஒன்று கரண்டில் அடிப்பது, இன்னொன்று ரப்பர் பந்தை அமுக்குவது. முதலில் ஒன்றை அடிப்பார். எதிரே வருகிறவர் ஒதுங்கின பிறகு மற்றதையும் அடிப்பார். ஒதுங்கினவர் தவறான பக்கம் ஒதுங்கிவிட்டோம் என்று நினைத்து மறுபடி நடு ரோட்டுக்கு வந்துவிடுவார்.

பெரிய காஞ்சிபுரத்தில் சிவனுக்கு ஒரு தேங்காய் உடைத்தால், அதே சூட்டோடு சின்ன காஞ்சிபுரம் போய்ப் பெருமாளுக்கும் ஒன்று உடைப்பார். திரும்பும் வழியில் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி. பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், “பக்கத்துப் பல்லையும் எதுக்கும் ஒருவாட்டி தட்டிப் பாருங்க டாக்டர்” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் டாக்டருக்கே எந்தப் பல் என்பது மறந்துபோனதாகக் கேள்வி.

நான் அடுத்த போர்ஷனில் தனியாக இருக்கிறேன். பட்டுப் புடவைகளுக்குக் குச்சம் கட்டுவது என் தொழில். முந்தானை ஓரத்தில் தொங்குகிற நூல்களை முடிச்சுப் போட்டு அழகாக்குகிற வேலை. தலையைக் குனிந்துகொண்டே செய்யலாம், யாருடனும் பேச வேண்டாம். அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். ஆனால் நான் உட்காருகிற ஜன்னலும் எதுக்கும்காரர் வீட்டு அடுப்படி ஜன்னலும் எதிரும் புதிருமாக இருந்தன. கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் பேசாமல் இருப்பதையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, அவரும் அவர் மனைவி வசந்தாவும் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

வசந்தாவுக்கு ஊர் தாமல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. இரண்டு வேளையும் அவள்தான் சமைப்பாள். தினமும் சாப்பாடு போடும்போது, “கொழம்பு எப்படி இருக்குது?” என்று கேட்பாள். தினமும் ஒரே பதில்தான் வரும்.

“நல்லாதான் இருக்குது. எதுக்கும் ரெண்டு அப்பளம் பொரிச்சிடு.”

இப்படி எத்தனையோ வருஷம் அப்பளம் பொரித்தாள். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்னக் கட்டிக்கினது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லு” என்று கேட்டாள்.

எதுக்கும்காரர் நன்றாக யோசித்தார். “சரிதான் வசந்தா. எதுக்கும்...”

அவர் மேலே என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை தெரியாது. வசந்தா தாமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பிறகு அவரையே கேட்டேன். “அதான் எனக்கும் கொழப்பமா இருக்குது அக்கா. வார்த்தை வந்துச்சி. பின்னால ஒண்ணும் வரல” என்றார்.

சில நாள் கழித்து வசந்தா எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, புதன்கெழம வேலை முடிஞ்சி நேரா அங்க வரேன். அந்த ஆளு எனக்கு ஒரு வேளை சோறு ஆக்கிப் போடட்டும். யாரையும் கேக்கக் கூடாது. அவரா யோசிச்சி ஒண்ணே ஒண்ணு செய்யணும். பக்கத்துல எதுக்கும்னு இன்னொண்ணு இருந்துச்சின்னா அப்படியே கடைசி பஸ்ஸ புடிச்சிடுவேன். அப்புறம் வர மாட்டேன். சொல்லிடுங்க.”

சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் ஆச்சரியமாக, என்ன செய்வது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வசந்தா போனில் அடிக்கடி பார்க்கிற சமையல் வீடியோ ஒன்று இருந்ததாம். மீனைத் தோலோடு கல்லில் போட்டு மொறுமொறு என்று வறுத்து, மேலே வெண்ணெய்ச் சாஸ் ஊற்றுவார்கள். “இத மாதிரி ஒரு நாளு சாப்பிடணும்” என்பாளாம்.

“அது ரொம்ப ஈசி அக்கா. மீனு, உப்பு, மொளகு, வெண்ண, பூண்டு, எலுமிச்சம்பழம். அவ்ளோதான்” என்றார். அந்த ‘அவ்ளோதான்’ என்ற வார்த்தை அவர் வாயில் பொருந்தாமல், வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்தார். மீன்காரம்மா அவரைத் திட்டி அனுப்பியிருக்கிறார்.

“தோலு இருக்கணும், முள்ளு இருக்கக் கூடாது, தலை வேணாம், வாலு வேணாங்கற. மீனோட பேர மட்டும் ஒரு பேப்பர்ல எழுதித் தரட்டாபா?”

கடைசியில் கொடுவா மீன் துண்டுகள் வாங்கியிருந்தார். அதோடு ஒரு பை நிறையப் பாட்டில்கள். வீடியோவில் சாஸ் என்று சொன்னார்கள் அல்லவா? கடைக்காரர் எந்த சாஸ் என்று கேட்டாராம். அதனால் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று.

“வெண்ணையும் எலுமிச்சம்பழமும் சேந்தாலே அதான் சாஸாம். வீட்டுக்கு வந்து திரும்பப் பாத்தப்பதான் தெரிஞ்சிது. இந்தப் பாட்டிலெல்லாம் உங்க வீட்ல வெச்சிக்கோங்க அக்கா. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது.”

வாங்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பளக் கட்டு வந்தது. அதற்கப்புறம் ஊறுகாய் ஜாடி. என் புடவைகளுக்கு நடுவே அவருடைய ‘எதுக்கும்’ எல்லாம் ஒவ்வொன்றாகக் குடியேறிக்கொண்டிருந்தன.

பிறகு கையில் ஒரு வாழைக்காயோடு வந்து வாசலில் நின்றார்.

அவர் வீட்டுச் சுவரில் இரண்டு தினக் காலண்டர்கள் உண்டு. ஒன்று அரிசிக் கடை கொடுத்தது, மற்றது நகைக் கடை கொடுத்தது. ஒரே காலண்டர் வைத்திருக்கிற வீடுகளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இரண்டும் வேறு வேறு பஞ்சாங்கக் கணக்கு. சில மாதம் ஒன்றுக்கொன்று ஒரு நாள் தள்ளிப்போகும். அன்றைக்கு அரிசிக் கடைக் காலண்டரில் கிருத்திகை என்று போட்டிருந்தது. நகைக் கடைக் காலண்டரில் கிருத்திகை மறுநாள்.

கிருத்திகை அன்று வசந்தா முருகனுக்காகக் கவிச்சி தொட மாட்டாள்.

“வசந்தா எந்தக் காலண்டரப் பாப்பானு எனக்குத் தெர்ல அக்கா” என்றார். “இத்தினி வருசமா கூட இருக்கேன். அவ தலை வாரிக்கினு செவுத்தப் பாத்துக்கினு நிப்பா. எந்தப் பக்கம் பாப்பானு நான் பாக்கல.”

எனக்கும் தெரியாது.

“நான் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. நீங்க சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க. மீனா, வாழக்காயா?”

பயத்தில் தலையை எப்படியோ ஆட்டிவிட்டேன். அது ஆமாவா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை. அவரும் அதையே திருப்பி ஆட்டிப் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

“வாழக்காய வெட்டல அக்கா. கையிலதான் வெச்சிருக்கேன்” என்றார், நான் ஏதோ குற்றம் சொன்னது போல. பிறகு என்ன நினைத்தாரோ, அதை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

தோசைக்கல் காய்ந்தது. ஈரத்தைத் துணியால் ஒற்றி, உப்பும் மிளகும் தடவி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி மீனை வைத்தார். ‘சொய்ங்’ என்றது. வீடியோவில் இந்த இடத்தில், ‘தொடாதீர்கள், மீன் தானாகக் கல்லை விட்டு வரும்’ என்று சொல்கிறார்களாம். தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வந்த சோதனை. தோசைத் திருப்பி அவர் கையில் துடித்தது. சட்டென்று அதை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார்.

“புடிங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

வாங்கிக்கொண்டேன்.

“அக்கா, எதுக்கும் ஒருவாட்டி குடுங்க. லேசா தூக்கிப் பாத்துட்டு தந்துடறேன்.”

யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். திருப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு மீனை முறைத்தார். மீன் வறுபடுகிற வாசனைக்குப் பதிலாக வேறொரு வாசனை வர ஆரம்பித்தது.

“இப்ப குடுங்க அக்கா.”

நான் தரவில்லை.

“அக்கா, நெசமாவே குடுங்க. தீயுது.”

“நீங்கதான் கேட்டாலும் குடுக்காதன்னீங்க” என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“அது அப்ப சொன்னது. இது இப்ப.”

எது அப்போது, எது இப்போது என்று எனக்குப் பிடிபடுவதற்குள் புகை என் ஜன்னலுக்கு வந்துவிட்டது. திருப்பியைக் கொடுத்தேன். மீனைப் புரட்டினார். தோல் ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் நல்ல பொன் நிறம். மறுபக்கமும் வெந்ததும் எடுத்து வைத்துவிட்டு, அதே கல்லில் வெண்ணெயைப் போட்டார். உருகியதும் நசுக்கின பூண்டு, அடுப்பை அணைத்து எலுமிச்சைச் சாறு. உண்மையிலேயே அவ்வளவுதான். அதை மீன் மேல் ஊற்றிவிட்டுத் திரும்பி நின்றபோது, வாசலில் வசந்தா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நேராக அடுப்படிக்கு வந்து ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சிலிண்டருக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். சோறு இருந்தது, மீன் இருந்தது.

“இன்னிக்குக் கிருத்திகை” என்றாள். “மத்தியானம் கேன்டீன்ல முட்டையக்கூடத் தொடல.”

என் மடியில் வாழைக்காய் கனத்தது. எழுந்து போய்க் கொடுத்துவிட்டால் அவள் பசி ஆறும், அவர் குடும்பம் போகும். கொடுக்காவிட்டால் எல்லாமே போனாலும் போகலாம். எது சரி என்று தெரியாமல் வாழைக்காயை முந்தானையால் மூடினேன்.

எதுக்கும்காரர் தொண்டையைச் செருமினார். “மீனுதான் செஞ்சிருக்கேன். வேற ஒண்ணுமில்ல.”

“வேற ஒண்ணுமே இல்லியா?”

“இல்ல.”

“ஒரு அப்பளம்கூட?”

அவர் கண் என் ஜன்னல் பக்கம் வரப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டார். “இல்ல வசந்தா.”

வசந்தா அவரைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். பிறகு சுவரண்டை போய் இரண்டு காலண்டரையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த நகைக் கடைக்காரன் நாளைக்குன்னு போட்டிருக்கான்.”

“ஆமா.”

“அப்ப நாளைக்கு இருந்துக்கறேன். தட்ட எடு.”

இத்தனை வருஷத்தில் அவர் எதுக்கும் என்று வைத்திருந்த ஒரு பொருள் உதவியது அன்றைக்குத்தான். தோல் மொறுமொறு என்று நொறுங்குகிற சத்தம் என் ஜன்னல் வரை கேட்டது. “கருக்கிட்ட” என்றாள் வசந்தா. கொஞ்ச நேரம் கழித்து, “சாஸ இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றாள்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். அலமாரி மேல் ஒரு கிண்ணத்தை அவள் பார்க்காமல் விட்டிருக்கிறாள். மூடி திறக்கிற சத்தம்.

“இன்னாயா இது? இன்னொரு மீனு? அப்ப எதுக்கும்னு எடுத்து வெச்சிட்டியா?”

கடைசி பஸ் போக இன்னும் நேரம் இருந்தது.

“எதுக்கும்னு இல்ல” என்றார் அவர். குரலில் யோசனையே இல்லை. “அது அக்காவுக்கு.”

கிண்ணம் ஜன்னல் வழியாக வந்தது. நீட்டியது வசந்தாவின் கை. அந்த மீனில் ஒரு முள் இருந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல். நான் பாட்டில்களுக்கும் அப்பளத்துக்கும் வாழைக்காய்க்கும் நடுவில் உட்கார்ந்து, கடைசித் துளி சாஸ் வரை வழித்துச் சாப்பிட்டேன்.

இப்போது அவர்கள் வாலாஜாபாத்தில் இருக்கிறார்கள். ஆட்டோவுக்கு மூன்றாவது ஹார்ன் ஒன்று வைத்திருப்பதாக வசந்தா போனில் திட்டினாள். எப்போதாவது, சொல்லாமல் கொள்ளாமல், புதன்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வருவார்கள். வராத புதன்கிழமைகள்தான் அதிகம். ஆனாலும் அன்றைக்கு நான் அரிசி ஒரு பிடி சேர்த்தே போடுகிறேன்.

எதுக்கும் இருக்கட்டும்.