கருப்பர் இறங்கிய கார்

பழைய கார் வாங்குகிறவன் ஒரு காதையாவது மெக்கானிக்கிடம் கொடுத்துவைக்க வேண்டும். என் இரண்டு காதையும் அத்தை எடுத்துக்கொண்டாள்.

கீரனூர் வீட்டு வாசலில் காலையில் சாவியைத் திருப்பினால், பானெட்டுக்குள் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். யாரோ வந்து ஏறி உட்கார்ந்துகொண்டது மாதிரி இருக்கும்.

"கருப்பரு ஏறுறாருடா. சங்கிலியோட நடக்குற சாமி. பூசை போடாம வண்டிய எடுத்தேல்ல?" என்றாள் அத்தை. (எங்கள் குலசாமி அவர். மறுத்துப் பேச எனக்கு ஏது தைரியம்?)

மெக்கானிக் வேறு மாதிரி சொன்னார். "டைமிங் செயின் தொய்ஞ்சுபோச்சுங்க. எடுத்ததும் சத்தம், மேட்டுல இழுவை இல்ல, ஆயில்ல இரும்புத்தூள் மின்னுது. இப்பவே மாத்திருங்க. அறுந்தா இன்ஜினே போயிரும்."

நான் எலுமிச்சம்பழத்தை மாற்றினேன். சத்தம் கூடியது. சாமிக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

தங்கை செல்விக்கு வரன்கள் தட்டித் தட்டிப் போய், கடைசியாக கொடும்பாளூர்ப் பக்கம் ஓர் இடம் கூடிவந்தது. மாப்பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பிறக்கும் முன் போய்த் தாம்பூலம் மாற்ற வேண்டும். இதுவும் தட்டிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தோடு நானும் அத்தையும் கிளம்பினோம்.

பொட்டல் நடுவே டப்பென்று ஒரு சத்தம். கார் உருண்டு நின்றது. எதிரே அரிவாள் நட்ட ஒரு கருப்பர் மேடை. உச்சிவெயில். காற்றில்லை, ஒரு காக்கைகூட இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"எறங்கிட்டாரு," என்றாள் அத்தை, மெதுவாக.

அப்போது கருவேலங்காட்டுக்குள்ளிருந்து அதே சங்கிலிச் சத்தம் வந்தது. இன்ஜின் ஓடவில்லை. சாவி என் கையில் இருந்தது.

சத்தம் நெருங்கியது. முறுக்கு மீசையும் தோளில் மூட்டையுமாக ஆறடிக் கறுப்பு உருவம் ஒன்று வெளியே வந்தது. அத்தை விழுவதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

"கெடா வெட்டுறேன் சாமி. தங்கச்சி கல்யாணம் மட்டும் நடக்கணும்."

சாமி கொஞ்சம் தயங்கிப் பேசியது. "எந்திரிங்க மச்சான். நாந்தான் மாப்பிள்ளை. டிராக்டரு ரோட்டு வழியா சுத்தி வருது, நான் குறுக்க நடந்து வந்துட்டேன். கட்டி இழுக்கச் சங்கிலி கொண்டாந்தேன்." (போட்டோவில் மீசை இல்லை.)

கல்யாணம் நடந்தது. காருக்கு இன்ஜினே மாற்றவேண்டி வந்தது. நேர்ந்த கெடா யாருக்கு என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து காலை நீட்டுவார். "எங் கெடா எங்க மச்சான்?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், போன ஆடி வரைக்கும். அன்றைக்குத்தான் கருவேலங்காட்டுக்குள் கேட்ட அந்தச் சங்கிலிச் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சத்தமா? சாக்குல சுருட்டி இறுக்கிக் கட்டியில்ல கொண்டாந்தேன்."

இப்போதெல்லாம் லேசாகச் சலசலத்தாலே செயினை மாற்றிவிடுகிறேன். எலுமிச்சம்பழத்தையும் மாற்றுகிறேன்.