ஊருக்கெல்லாம் டயர் வாங்கித் தந்தவர்

“அண்ணா, பின் டயர் மொட்டையாயிடுச்சு.”

“மொட்டைன்னு சொல்லாதே. கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு.”

“கொஞ்சமா? அதுல முகம் பார்த்துத் தலை வாரிக்கலாம் போல இருக்கு.”

“பார்த்துட்டுதானே இருக்கேன்.”

“எதை? முகத்தையா?”

“டயரை. எது வாங்கலாம்னு பார்த்துட்டு இருக்கேன்.”

“எப்போ வாங்குவே?”

“அவசரப்பட்டு வாங்குற சாமானா அது? வண்டிக்குக் கால் மாதிரி. போனோம், கைக்குக் கிடைச்சதை மாட்டிக்கிட்டோம்னு வர முடியுமா? நீ ஏறு. மெதுவா ஓட்டுறேன்.”

தங்கை ஏறி உட்கார்ந்தாள். இந்தப் பேச்சு நடந்தது கோடையின் தொடக்கத்தில், வீட்டு வாசலில். இது அவளுக்கு மறக்காமல் இருப்பதற்குக் காரணம், கோடை முடிந்தபோது இதே பேச்சு இதே இடத்தில் இன்னொரு முறை நடந்ததுதான். முதல் மேகம் கறுத்தபோது மறுபடியும் நடந்தது. பேச்சில் ஒரு சொல்லும் மாறவில்லை. டயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் அதில் பள்ளங்கள் இருந்தன. பிறகு கோடுகள் இருந்தன. பிறகு கோடுகள் இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது.

வாசகர்களே, கடைக்குப் போகிற மனிதர்களில் பல இனங்கள் உண்டு. போனதும் வாங்கிவிடுகிறவர்கள், வாங்கிய பிறகு வருந்துகிறவர்கள், பேரம் பேசிக் கடைக்காரரின் கண்ணில் நீர் வரவழைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறவர்கள் என்று நாம் எல்லோரையும் பார்த்திருக்கிறோம். இவர்கள் எல்லோருக்கும் மேலே, தனி மேடை போட்டு உட்கார வைக்கத் தகுந்த ஓர் இனம் இருக்கிறது. அதன் பெயர் ‘பார்த்துக்கொண்டிருப்பவர்’. அவரைக் கஞ்சர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் கையில் இருப்பது போய்விடுமோ என்று பயம். இவருக்கு, இதைவிட நல்லது எங்கேயாவது இருந்துவிடுமோ என்று பயம். முதல் பயத்துக்கு எல்லை உண்டு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வண்டிகள் வரிசையாக நிற்கிற எந்த இடத்துக்கும் போங்கள். யாரோ ஒருவருடைய வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரில் நகத்தை அழுத்தி, அழுத்திய இடம் எவ்வளவு நேரத்தில் மேலே எழும்புகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டிக்குச் சொந்தக்காரர் பதறி ஓடிவந்து, “யாருய்யா நீ, என்ன பண்றே?” என்று அதட்டுவார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். “இது எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?” என்று கேட்பார். அதட்ட வந்தவர் பதில் சொல்லிவிட்டு, தானும் பக்கத்தில் குந்தி, “ஏன், ஏதாவது கோளாறா?” என்று கேட்கிற கட்டம் வரும் வரை தங்கை கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்க வேண்டும். அவளுக்கு இது பழகிவிட்டது. அவள் அதிகம் பேசுகிறவளும் அல்ல.

அண்ணனின் கொள்கை மிகத் தெளிவானது. “ரப்பர் மெத்துன்னு இருந்தா ரோட்டை நல்லாப் பிடிக்கும், ஆனா சீக்கிரம் கரைஞ்சிடும். கெட்டியா இருந்தா வருஷக்கணக்கா உழைக்கும், ஆனா ஈரத்துல கைவிட்டுடும்.” இதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. இதற்கு மேல் உள்ள பகுதியில்தான் சிக்கல். டயர் மெத்தென்று இருக்க வேண்டும், கெட்டியாகவும் இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அப்படியொரு டயரை இன்னும் யாரும் செய்யவில்லை என்றால் அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்?

விலை குறைவான டயரைக் காட்டினால், “இவ்வளவு மலிவா குடுக்குறான்னா உள்ளே என்னமோ இருக்கு” என்பார். விலை கூடினதைக் காட்டினால், “பேருக்குத்தான் காசு” என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் காட்டினால்? “இது ரெண்டுங்கெட்டான்.” வீட்டில் கைப்பேசியைத் திறந்து, தலைக்கவசம் போட்ட யாரோ ஒருவர் மலைப்பாதையில் நின்றுகொண்டு, ‘இதைவிட நல்ல டயர் கிடையாது’ என்று முழங்குவதைக் கேட்டு மனம் நிறைந்து போவார். அதற்குக் கீழே இன்னொருவர், ‘என்னுடையது ஒரே மாதத்தில் வெடித்துவிட்டது’ என்று எழுதியிருப்பார். போச்சு. அந்த இன்னொருவர் யார், வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றினார், ஆணிப் பலகை மேல் ஓட்டினாரா என்பதையெல்லாம் அண்ணன் கேட்கமாட்டார். முன்பின் தெரியாத மனிதரின் மனக்குறைக்கு இந்த உலகத்தில் இவ்வளவு மதிப்பு கொடுப்பவர் வேறு யாரும் இல்லை.

“ஏங்க, என்னைக் கட்டிக்கும்போது இவ்வளவு யோசிச்சீங்களா?” என்று அண்ணி ஒருநாள் கேட்டாள்.

“அப்போ எனக்கு அனுபவம் பத்தாது” என்றார், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்குத் தேநீரை அவரே போட்டுக்கொண்டார்.

இனி டயர் கடைக்கு வருவோம். கடைவீதியின் கோடியில், கறுப்பு வளையங்களை அடுக்கி வைத்து வாசலே கிணறு மாதிரி ஆகிவிட்ட ஒரு கடை. உள்ளே கல்லாப்பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அது அண்ணனுடையது. அவர் காசு கொடுத்து வாங்கியதல்ல. ஆனால் அவர் இல்லாதபோது யாராவது அதில் உட்கார்ந்தால் கடைக்காரர், “அது சாரோட இடம்” என்று எழுப்பிவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் அங்கே இறங்கி, புதிதாக வந்த டயர்களை முகர்ந்து பார்த்து, பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைப் படித்து அது எந்த மாதம் பிறந்தது என்று கணக்குப் போட்டு, பிறகு ஸ்டூலில் அமர்வார்.

அங்கேதான் அதிசயம் நடக்கும்.

டயர் வாங்க யாராவது வந்து திருதிருவென்று விழிப்பார். அண்ணன் மூன்றே கேள்வி கேட்பார். “தினம் எவ்வளவு தூரம் போவீங்க? பின்னாடி ஆள் ஏறுமா? ரோடு எப்படி?” பதில் வந்த அடுத்த நொடி விரலை நீட்டுவார். “அதோ, மேலேருந்து ரெண்டாவது. கண்ணை மூடிட்டு மாட்டுங்க.” வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப்போவார். கணக்கு வாத்தியார் மாட்டினார். மருந்துக்கடைக்காரர் மாட்டினார். அண்ணனின் மாமனாரே மாட்டினார். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அந்த வட்டாரத்து வண்டிகளில் பாதி அண்ணனின் விரல் காட்டிய டயரில்தான் ஓடின.

அவர் வண்டி மட்டும் வாசலில் மொட்டைத் தலையோடு நின்றது.

“ஊர்ல எல்லாருக்கும் சொல்றே. உனக்குன்னா மட்டும் ஏன்ணா இப்படி?” என்று தங்கை ஒருமுறை கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். “மத்தவங்களுக்குத் தப்பாப் போனா, டயர் சரியில்லைன்னு ஆயிடும். எனக்குத் தப்பாப் போனா, நான் சரியில்லைன்னு ஆயிடும்.”

காரணம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் தினமும் காலையில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அந்த வண்டியில்தான் போக வேண்டும். அந்த மொட்டை டயருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு சீட்டு மட்டும். மழைக்காலம் வந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடிக்கும் பிடியில் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. பேருந்தில் போகிறேன் என்றால் அண்ணன் முகம் வாடிவிடும். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். அண்ணன் மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. உருண்டையாக இருந்த மற்றதன் மேல்தான் இல்லை.

ஒரு காலை, தூறல். பரிசோதனைக் கூடத்துக்கு முந்தைய திருப்பத்தில் ஒரு நாய் சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. (அந்த இனத்திலும் உண்டு போலிருக்கிறது.) அண்ணன் பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் நின்றது. பின்பக்கம், தனக்கு வேறு வேலை இருப்பதுபோல், இடது பக்கமாகப் போனது. வண்டி மெதுவாக, மரியாதையாக, ஒரு வயதான பசு படுப்பதுபோல் படுத்துக்கொண்டது. தங்கை சாலையில் சம்மணம் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா பத்திரமாக இருந்தது. முழங்கையில் மட்டும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறர் ரத்தத்தையே தினம் பார்க்கிறவளுக்குத் தன்னுடையதைப் பார்த்ததும் தலை லேசாகச் சுற்றியது.

அண்ணன் எழுந்து, “அடிபட்டுதா? எங்கே, காட்டு” என்று பதறிக் குனிந்தபோது, எதிரே வந்த ஒரு வண்டி அவர்களைப் பார்த்துப் பிரேக் போட்டு, அதே ஈரத்தில், கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. கணக்கு வாத்தியார்.

“சார்! பார்த்தீங்களா? நீங்க சொன்ன டயர்தான். சும்மா அப்படியே நிக்குது!”

அண்ணன் தங்கையின் முழங்கையைக் கைக்குட்டையால் பொத்தியபடியே தலையைத் திருப்பினார். “பிரேக் பிடிக்கும்போது பின்னாடி ஆடலையே?”

“துளி ஆடலை சார்!”

அவர் முகத்தில் அந்த நிலையிலும் ஓர் ஒளி வந்து போனது. தங்கை பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஒளி அணைந்தது.

அன்று மாலை வண்டிச் சாவியை அவள் கையில் வைத்தார். “நீயே போய் மாட்டிட்டு வா. நான் வரலை. வந்தா பார்க்க ஆரம்பிச்சிடுவேன்.”

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைக்காரர் வாசலுக்கே வந்தார். டயர் விற்பதுதான் அவர் தொழில். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“சார் வரலையா? அவர் பொறுமையா பார்க்கட்டுமேம்மா. என்ன அவசரம் இப்போ?”

அவள் முழங்கைக் கட்டைக் காட்டினாள்.

“அடடா. அது சரி. ஆனா சார் டயர் வாங்கிட்டார்னா அப்புறம் இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறார்? அவர் சொன்னாத்தான்மா ஜனங்க நம்புது. நான் சொன்னா, விக்கிறதுக்குச் சொல்றேங்குது.”

“எங்க அண்ணன் எல்லாருக்கும் எதைக் காட்டுவார்?”

கடைக்காரர் தயங்கி, மேலிருந்து இரண்டாவதைக் காட்டினார்.

“அதையே மாட்டுங்க.”

அவ்வளவுதான். ஒரு கோடை, ஒரு மழைக்காலத்தின் பாதி, எண்ணிலடங்காத குத்துக்கால்கள், எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்தன. கடைக்காரர் பழைய டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கை சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லா டயர்களும் நன்றாகத் தெரிந்தன. மேலிருந்து இரண்டாவதற்குப் பக்கத்தில் இன்னொன்று தொங்கியது. பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தன. ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் போலத் தெரிந்தது.

“அது எப்படி?” என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கப் போனவள், அது தன்னுடைய குரல் என்று தெரிந்து எழுந்து நின்றுகொண்டாள்.

சிரிக்காதீர்கள். நீங்கள் மின்விசிறி பார்த்துக்கொண்டிருக்கலாம், கண்ணாடிக்கு ஃபிரேம் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஒரு நல்ல நாற்காலி வாங்கிய பிறகு உட்காரலாம் என்று நின்றபடியே வாழ்ந்துகொண்டிருக்கலாம். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வண்டியின் பின் டயரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீங்கள் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். வாசலில் அண்ணன் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“மாட்டியாச்சா?”

“ஆச்சு.”

“எதுன்னு சொல்லாதே.”

“சொல்லலை.”

“ஓட்டுறப்போ எப்படி இருந்துச்சுன்னும் சொல்லாதே.”

“சரிண்ணா.”

பிறகு, தயங்கித் தயங்கி, ஒரு வார்த்தை கேட்டார்.

“நாளைக்குக் கடைப் பக்கம் போனா, அந்த ஸ்டூலை எடுத்துட வேண்டாம்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடும்மா. முன் டயர் ஒண்ணு இருக்குல்ல.”