மலைத்தூதரின் மார்பில் பீப் பீப்

டெல்வின் என்ற மலையூருக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு தூதர் கிடைத்துவிட்டார். மலையோடு நேரடியாகப் பேசுகிறவர். கொலராடோவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். ஜோலீனின் ரொட்டிக்கடையில் காலை எட்டு மணிக்கே ரொட்டி தீர்ந்தது. பல் டாக்டர் வந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி வந்தார். படித்தவன் ஏமாறமாட்டான் என்று யார் சொன்னது? படித்தவன் ஏமாந்தால் அதற்குக் காரணமும் சேர்த்துச் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம்.

தூதரின் பெயர் சகோதரர் லூசியன். சொந்த ஊர் ஃபுளோரிடா. ஃபிரிட்ஜுக்குள் தவிர வேறெங்கும் பனியைப் பார்க்க முடியாத சீமை. ஆட்டுத்தோல் அங்கி, கையில் செப்பு மணி. ஊருக்கு மேலே நிற்கும் கிழட்டு மார்த்தா என்ற மலை சும்மா பனியைச் சரிக்கவில்லையாம். மனிதர்கள் தன்னை நம்பவில்லையே என்ற கோபத்தில் சரிக்கிறாளாம். நம்பாததற்கு அத்தாட்சி என்ன? பீக்கன்.

பனிமலை ஏறுகிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. ஆள் புதைந்துபோனால் உள்ளேயிருந்து சமிக்ஞை அனுப்பும். மேலே நிற்பவன் தன் கருவியைத் தேடுவதற்குத் திருப்பினால் ‘பீப் பீப்’ என்று கத்தி, எத்தனை மீட்டர் தள்ளிக் கிடக்கிறான் என்று எண்ணில் காட்டும். கால் மணி நேரத்துக்குள் தோண்டினால் பெரும்பாலும் உயிர் தப்பும். “அந்தச் சமிக்ஞை மார்த்தாவின் காதில் வசவாக விழுகிறது” என்றார் லூசியன். நாற்பது பேர் தங்கள் பீக்கனைக் கழற்றி அவருடைய பீப்பாயில் போட்டார்கள். பதிலுக்கு, காப்பாக ஆளுக்கொரு உப்பு முடிச்சு, எண்பது டாலர். உப்பு பனியை உருக்கும் என்பது உண்மைதான். அவர் விற்றதில் அது ஒன்றுதான் உண்மை.

வெர்னா ஸ்ட்ரவுடுக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருடமாக நெடுஞ்சாலைத் துறைக்காகப் பனியைத் தோண்டிப் பார்த்து, எந்தச் சரிவு எப்போது விழும் என்று அறிக்கை எழுதுகிறவள் அவள். காலை ஆறு மணிக்கு அறிக்கை வெளியாகும். இலவசம். இலவசத்தை யார் சீந்துவார்கள்? அதையே பத்து மணிக்கு லூசியன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஜனங்கள் புல்லரித்துப் போனார்கள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கிழக்குச் சரிவு என்பதை வெர்னா மேற்கு என்று எழுதிவிட்டாள். பதினோரு மணிக்குத்தான் திருத்தினாள். பத்து மணிக்கு மார்த்தாவும் மேற்கு என்றே தூதரிடம் சொல்லியிருந்தாள்! சரிந்ததோ கிழக்கு. “மலைன்னா அதுக்கும் தூக்கக் கலக்கம் இருக்காதா?” என்று தீர்ப்புச் சொன்னார் நீதிபதி.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை நண்பகல் நாற்பது பேரும் மார்த்தாவின் மடிக்குப் போய் மன்னிப்புக் கேட்பதாக ஏற்பாடு. பெரிய சரிவுக்கு நேர் கீழே இருக்கும் பள்ளத்துக்குத்தான் மடி என்று பெயர். போகிறவர்களில் ஒருவன் வெர்னாவின் தம்பி வெஸ், பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவன். போன வருடம் கூட்டாளியைச் சரிவில் பறிகொடுத்ததிலிருந்து தூக்கம் கெட்டுக் கிடந்தான். லூசியனிடம் போனபிறகுதான் தூங்கினான். அதனால் அவனைத் திட்டவும் வெர்னாவுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை வெர்னா அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் குழி வெட்டினாள். குழியின் சுவரில் பனியைத் தூண்போலச் செதுக்கி, உச்சியில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டினாள். கெட்டியான பனி முப்பது தட்டு தாங்கும். இது நாலாவது தட்டில் வழுக்கி விழுந்தது.

“பாத்தியாடா? அடியில சர்க்கரை மாதிரி உதிரிப் பனி, அதுமேல மூணு அடி புதுப்பனி. நாப்பது பேரு ஏறினா தாங்குமா?”

“முடிச்சை வெச்சுட்டுத் தட்டுக்கா.”

இன்னொரு தூண் செதுக்கி, உப்பு முடிச்சை மேலே வைத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டிலேயே விழுந்தது.

“நீ நம்பிக்கையில்லாம தட்டுற” என்றான் வெஸ்.

வெர்னா மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். மலைக்குப் போகாதே என்று தடுக்க அவளுக்கு அதிகாரம் கிடையாது. சாலையை மட்டும்தான் மூடலாம். அது தானாக விழுவதற்குள், இரண்டு மணிக்குக் குண்டு வைத்து அந்தச் சரிவை இறக்கிவிடத் துறையின் ஆட்கள் தயார். ஆனால் கீழே ஒரு ஆள் நின்றாலும் குண்டு வைக்கக் கூடாது.

நண்பகலில் மலைப்பாதையின் மரக்கதவுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. அந்தக் கதவில் ஒருவர் தேடும் கருவியோடு நிற்க, ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போகவேண்டும். எவன் கடக்கும்போது கருவி கத்தவில்லையோ அவன் வீட்டுக்குத் திரும்பவேண்டும். சர்ச்சுக்குப் போகாதவன்கூட டெல்வினில் அந்த வழக்கத்தை மீறமாட்டான். வெர்னா அங்கே போய் நின்றாள்.

“அந்தப் பிசாசை இங்க ஏன் கொண்டுவந்த?” என்றார் லூசியன்.

“வழக்கம் வழக்கம்தானே பிரதர். இது இப்ப எதையும் அனுப்பாது, கேக்க மட்டும்தான் செய்யும். யார்கிட்டயும் பீக்கன் இல்லேன்னா ஊமையா இருக்கும். எல்லாரும் எவ்வளவு நம்புறாங்கன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்.”

“காட்டுவோம் பிரதர்! நாங்க யாருன்னு காட்டுவோம்!” என்று ஜோலீன் கத்தினாள். எல்லாரும் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். நம்பிக்கைக்கு மார்க் போடுகிறார்கள் என்றால் நம் ஜனங்கள் விடுவார்களா?

கருவியைத் தேடுவதற்குத் திருப்பினாள் வெர்னா.

பீப்.

“யாரு அது துரோகி?” என்றார் நீதிபதி.

திரையில் இருபத்திரண்டு மீட்டர். வெர்னா அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜோலீன் எட்டிப் பார்த்து ஏலம் விடுகிறவளைப்போலக் கூவினாள். “பதினஞ்சு! ஒம்போது! அய்யோ, யாரோ நம்ம மானத்தை வாங்கிட்டாங்க. நாலு!”

வரிசையின் கடைசியில் நின்ற லூசியன் மெல்லத் தன் வேனை நோக்கிப் பின்வாங்கினார். மேய்ப்பன் மந்தைக்குப் பின்னால்தான் வருவான் என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

“ஏழு... பதினொண்ணு... என்ன ஏறுது?” ஜோலீனின் குரல் தேய்ந்தது. எண் ஏறியபோது நகர்ந்தவர் ஒரே ஒருவர்தான். நாற்பது தலைகளும் திரும்பின.

வெர்னா ஓடிப்போய் லூசியனின் அங்கிமேல் கருவியை வைத்தாள். பூஜ்யம் புள்ளி மூன்று. கருவி விடாமல் கத்தியது.

“இது... என் உடம்பு மட்டும்தான் பலவீனம், பிள்ளைங்களா. ஆத்மா...”

வெஸ் அங்கிக்குள் கைவிட்டு உருவினான். சிவப்பு டேப் சுற்றிய பீக்கன். டேப்பில் ஒரு மீன் கீறியிருந்தது. ஏழு வருடம் முன்னால் அவனே கீறிய மீன்.

“இது என்னோடது” என்றான். பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். “பேட்டரி புதுசா போட்டிருக்கான்.”

வெஸ் அதை லூசியனின் முகத்துக்கு நேராக நீட்டினான். “நான் புதைஞ்சா ஒருத்தரும் தேட வேணாம். நீ புதைஞ்சா மட்டும் தேடணுமாடா?”

செப்பு மணி பனியில் விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் வேன் கிளம்பியது. அவர் விட்டுப்போன பீப்பாயைத் திறந்தால் மேலே நாலு பீக்கன், அடியில் பழைய செய்தித்தாள். மற்றவை பக்கத்து ஊர்ப் பழைய சாமான் கடையில் பாதி விலைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மடிக்கு ஒருவரும் போகவில்லை. இரண்டு மணிக்குக் குண்டு வெடித்தது. மார்த்தாவின் சரிவு முழுதும் பாளமாக வெடித்து இறங்கியது. மடி இருந்த இடத்தில் இரண்டு மாடி உயரத்துக்குப் பனி. வெஸ் அக்காவின் கையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கையை விடவே இல்லை.

ஜோலீன் மட்டும் முணுமுணுத்தாள். “பிரதரை விரட்டினோம்ல, அதான் மார்த்தாவுக்குக் கோபம்.”

வெர்னா திரும்பினாள். “கோபம் குண்டு வெடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டா இருந்துச்சு? ஜோலீன், ரெண்டு காதுக்கு நடுவுலயும் உனக்கு ஒரு கருவி இருக்கு. பீக்கனைப் போட்ட மாதிரி அதையும் கழட்டி எவன் பீப்பாயிலயும் போட்டுடாத.”