பனி டைரக்டரின் பதினோரு நிமிஷம்

படம் எடுக்காமலேயே டைரக்டர் ஆனவர்கள் உலகத்தில் பலர் உண்டு. ஒரு படமும் எடுக்காமல் டைரக்டர்களுக்குச் சங்கமே வைத்தவர் எங்கள் குன்னூர் பனி டைரக்டர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சினிமா யூனிட்டுகள் மலையேறி வந்தால், பனி எப்போது வரும், எப்போது விலகும் என்று சரிவைப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பதினோரு நிமிஷமுங்க." நான் சும்மா இருக்க மாட்டாமல் கடிகாரம் வைத்து நாற்பத்து மூன்று தடவை சரிபார்த்தேன். இரண்டு தடவை சரியாக இருந்தது. அதில் ஒன்று, பனி வந்து மூடிய பிறகு சொன்னது.

"ஊட்டியில இருந்து மசினகுடி வரைக்கும் டைரக்டருங்க கொட்டிக் கெடக்கறாங்க. நமக்குன்னு ஒரு சங்கம் இல்லீன்னா நாளைக்குச் சரித்திரம் காறித் துப்புமுங்க" என்றார் ஒருநாள்.

கொட்டிக் கிடந்தவர்களைத் தேடிப் பிடித்ததில் ஆறு பேர் தேறினார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மூவர். கோயில் திருவிழா எடுப்பவர்கள் இருவர். ஓர் எஸ்டேட் முதலாளியின் அறுபதாம் கல்யாணத்தை நாலு மணி நேரம் எடுத்து, நடுவில் இடைவேளையும் விட்டவர் ஒருவர். நிறுவனரோடு ஏழு. தேயிலை ஃபாக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நான், கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காகச் செயலாளர். வர்க்கி பிஸ்கட் கடை மாடியில் அலுவலகம். முப்பத்து நான்கு படிகள். ஒன்பதாவது படி உடைந்தது.

விதிகளை அவரே எழுதினார். மூன்றாம் விதி: 'ஒரு படமாவது இயக்கி முடித்தவரே உறுப்பினர்.' தொழிலின் மானத்தைக் காப்பதற்காம். முதல் கூட்டத்தில் அதை உரக்கப் படித்தேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். எண்ணுவது என் வியாதி.

"அப்படிப் பாத்தா ஆறு பேருதானுங்க வருது" என்றேன்.

ஏழு பேரும் வர்க்கி மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"விதியத் திருத்திக்கலாமுங்க" என்றார் ஒரு கல்யாண வீடியோ.

பனி டைரக்டர் எழுந்தார். "எனக்கோசரம் விதிய மாத்துனா அது சங்கமில்லீங்க, என்ற ஊடு. அடுத்த கூட்டத்துக்குள்ள ஒரு படம் எடுத்தாறேன். இல்லீன்னா என்ற பேர அடிச்சுருங்க."

கதை சுருக்கமானது. குடையோடு ஒருவன் தேயிலைச் சரிவில் நடக்கிறான், பனி மூடுகிறது. நடிக்க ஆளில்லை. ஆறு பேரும் டைரக்டர்கள். நடித்தால் கௌரவம் என்னாவது? மிஞ்சியது நான். ஒரு கையில் குடை, மறு கையில் கடிகாரம், காலில் இரண்டு அட்டைப்பூச்சிகள்.

"ஏனுங்க செயலாளர், பதினோரு நிமிஷத்துல பனி வரும். வந்ததும் நடங்க" என்றார்.

அதற்குள், படம் பிடிக்கும் செல்போனை எங்கே வைப்பது என்று சண்டை. ஏழு பேர், ஏழு கோணம். ஒருவழியாகப் பனி வந்தது. ஐந்து பேர் ஒன்றாக "ஆக்‌ஷன்" என்றார்கள். ஒருவர் "கட்" என்றார். நான் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு நடந்தேன்.

அடுத்த கூட்டத்தில் திரையிட்டார்கள். நாலு நிமிஷப் படம். முதல் ஒன்பது நொடி நான். மீதி முழுக்க வெள்ளை. வெள்ளைக்குள்ளிருந்து என் இருமல், பதினேழு தடவை.

அறுபதாம் கல்யாணக்காரர் எழுந்தார். "இதுல இவரு என்னத்தைங்க டைரக்ட் பண்ணுனாரு? பனி அதும்பாட்டுக்கு வந்துச்சு. நாளைக்கு ஒரு காட்டெருமை குறுக்க வந்தா அதுக்கும் மெம்பர் கார்டு குடுப்பீங்களா?"

மூன்று பேர் சிரித்தார்கள். பனி டைரக்டர் மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"பதினோரு நிமிஷத்துல வரும்னு சொன்னேன். சொன்ன நேரத்துக்கு வந்துச்சுன்னா நான் டைரக்டரு. வரலீன்னா இப்பவே பேர அடிச்சுருங்க. கடிகாரம் செயலாளர்கிட்டத்தான் இருந்துச்சு. அவரு நெம்பர்ல பொய் வராதுங்க."

பதினான்கு கண்கள் என் பக்கம் திரும்பின. குறிப்பேட்டைத் திறந்தேன். என் அழகான கையெழுத்தில் 'இருபத்தாறு' என்றிருந்தது.

"பதினொன்னு" என்று படித்தேன்.

சங்கத்தில் இன்றைக்கும் உறுப்பினர்கள் ஏழு. எத்தனையோ வருஷம் தேயிலை மூட்டை எண்ணியவன் நான். ஒரு மூட்டை தவறியதில்லை. தவறாகச் சொன்ன எண் அது ஒன்றுதான். இப்போதெல்லாம் அவர் சரிவைப் பார்த்துப் "பதினோரு நிமிஷமுங்க" என்றால், கடிகாரத்தை ஸ்வெட்டர் கைக்குள் தள்ளிவிட்டு, நானும் அவர் பக்கத்தில் நின்று பனியைப் பார்க்கிறேன்.