புண்ணாக்கரின் சாணி வாளி

நல்ல சாணியைப் பார்த்துக் கண் கலங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு நான் மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்து எழும்பியவன். வாசகர்கள் இதை அனுதாபத்தோடு கவனிக்க வேண்டும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரனுக்கு மட்டுந்தான் தெரியும். எங்களுக்கு அவர் புண்ணாக்கர். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் நிறுவைக்கார வேலை. உள்ளே வருகிற கொப்பறாவையும் வெளியே போகிற எண்ணெயையும் புண்ணாக்கையும் நிறுப்பதுதான் உத்தியோகம். பகல் முழுவதும் நிறுத்தது போதாதென்று வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தும் நிறுப்பார். ஒரு கொழுவித் தராசு எங்கள் அறை யன்னலில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். என் தலையணையைக்கூட ஒருநாள் நிறுத்துப் பார்த்துவிட்டு, "பஞ்சு காணாது ஐசே, உம்மை ஏமாத்திப்போட்டான்" என்றார்.

நாங்கள் இருந்தது ஒரு சமறியில். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் இன்னும் குடும்பம் ஆகாதவர்களுமாக உத்தியோகக்காரர் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரரையும் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் சமறி. வெள்ளைக்காரன் ஆட்சி, இரண்டாம் யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. சமறிக்குத் தலைவர் கோட்டையில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கர். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். சோலாத் தொப்பியும் பளபளக்கும் சப்பாத்துமாகத்தான் படலை தாண்டுவார். சமையல்காரர் சின்னட்டி. பின்வளவு மதிலுக்கு அந்தப் பக்கம் பால்கார ராத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு ராத்தா என்று பெயர். புருஷன் இறந்த பிறகு இரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு, ஒழுங்கையில் வீடு வீடாகப் பால் கொடுத்துச் சீவித்தவர்.

அந்த இரண்டில் நல்ல கறவைப் பசு ஒரு நாகு கன்றை, அதாவது பெண் கன்றை, ஈன்று இரண்டாம் மாதம் செத்துப்போய்விட்டது. மிச்சமிருந்தது கிழட்டுப் பசு. அது வற்றிக்கொண்டு வந்தது. ராத்தாவுக்கு இனி இருக்கிற ஒரே நம்பிக்கை அந்தக் கன்றுதான். அதுவோ வளர மாட்டேன் என்று அடம்பிடித்தது. வயிறு மட்டும் உருண்டு திரண்டு நிற்க, விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிச் சொன்னார்: "கஞ்சி வெக்கிறேன் தம்பி, குடிக்கிது. இன்னம் வெக்கிறேன், அதயும் குடிக்கிது. மேல்ல ஒண்டும் ஒட்டுதில்ல. மருதானைல எறச்சிக் கடக்காரர் கேட்டனுப்பி ஈக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திக் குடுத்துடப் போறேன். வேற என்னத்தச் செய்ய?"

புண்ணாக்கர் மதிலில் ஏறி உட்கார்ந்து கன்றை வால் முதல் மூக்கு வரை பார்த்தார்.

"ராத்தா, உங்கட கன்றுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. உடம்புதான் பட்டினி கிடக்கு."

"அது எப்படித் தம்பி?"

"கஞ்சி விறகு மாதிரி ராத்தா. எரிஞ்சு சூடு குடுக்கும், அவ்வளவுதான். வளருற சீவன் வீடு கட்டுற சீவன். விறகை மட்டும் குவிச்சு வைச்சா வீடு எழும்புமே? கல்லு வேணும், சுண்ணாம்பு வேணும். ஹஜ்ஜு வரைக்கும் இதை என்னட்டை விடுங்கோ. அதுக்குள்ள கன்று தேறாட்டி நான் இந்தச் சமறியை விட்டே போறன்."

சமறியை விட்டுப் போவார் என்ற இரண்டாவது பகுதியைக் கேட்டுத்தான் பெரிய கிளாக்கர் கன்றைப் பின்வளவில் கட்டச் சம்மதித்தார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அன்றிலிருந்து எங்கள் சீவியம் மாறியது. ஆலையிலிருந்து புண்ணாக்கு வந்தது. தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு பங்கு, எள்ளுப் புண்ணாக்கு ஒரு பங்கு, தவிடு, உப்பு, கடற்கரையில் பொறுக்கி இடித்த சிப்பித் தூள், வேலியில் வெட்டிய கிளிசரியாக் குழை, புல்லு. எல்லாம் நிறுத்துத்தான் கன்றுக்குப் போகும். போனது மட்டுமா? வந்ததும் நிறுக்கப்படும். அதற்கென்று ஒரு தகர வாளி. காலையில் நான் கண் விழித்தால் என் தலைமாட்டு யன்னலுக்கு வெளியே தராசில் சாணி தொங்கும். புண்ணாக்கர் ஓர் ஈர்க்கால் அதைக் கிளறி, சமிக்காத உமி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னத்துக்கு இந்தக் கோதாரி?" என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தின்னுறது வேறை, உடம்பில சேருறது வேறை காணும். உள்ளுக்க போனதில வெளியில வந்ததைக் கழிச்சா மிச்சம் கன்று."

"முழுக்கவுமா?"

அவர் முகம் வாடியது. "இல்லை. கொஞ்சம் சூடாயும் மூச்சாயும் போகுது. அதைத்தான் பிடிச்சு நிறுக்க ஏலாமக் கிடக்கு" என்றார். அந்தக் கவலையில் அன்று அவர் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெரிய கிளாக்கர் பொங்கியெழுந்தார். "உத்தியோகக்காரர் இருக்கிற வீடு ஐசே இது! சாணி நிறுக்கிற கையால சாப்பாட்டு மேசைக்கு வாறீர்!" புண்ணாக்கர் அசையவில்லை. பெரிய கிளாக்கரின் சோற்றுக் கோப்பையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களும் சோத்தைக் குறைச்சுப் பருப்பைக் கூட்ட வேணும் அண்ணை. கன்று ராத்தா வீட்டில நிண்ட நேரம் இதே வயிறுதான்" என்றார். அதன்பிறகு ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை.

ஞாயிறு தோறும் கன்றை நிறுக்க வேண்டும். கொழுவித் தராசு அதைத் தாங்காது. கன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் தராசில் ஏறி நிற்பார். பிறகு தன் நிறையைக் கழிப்பார். முதல்நாள் பார்சல் கிளாக்கர் பேனாவைத் தோய்த்துக்கொண்டு, "எங்கேயிருந்து எங்கே?" என்று கேட்டாராம். "கன்றிலயிருந்து பசுவுக்கு" என்றாராம் புண்ணாக்கர். ஸ்டேஷன்காரர் அவரைத் துரத்தியிருக்க வேண்டும். அவர்களோ அடுத்த ஞாயிறு, "பார்சல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பார்சலும் வந்துகொண்டுதான் இருந்தது. நாலு மாதத்தில் வயிறு ஒட்டி, முதுகு நிமிர்ந்து, தோல் மினுங்கியது. கடைசியில் புண்ணாக்கரால் தூக்க முடியாமல் போய், கன்றே நடந்து தராசில் ஏறப் பழகிக்கொண்டது.

பின்வளவுப் பலாமரத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது: "இந்தக் கன்றுக்குச் சோறு, கஞ்சி, பாண், வாழைப்பழம், அனுதாபம் ஆகிய எதுவும் வழங்கப்படலாகாது."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் தைப்பொங்கல் வந்தது. ஊருக்குப் போக ஒருவருக்கும் லீவு இல்லை. சின்னட்டி முற்றத்தில் பொங்கினார். நாங்கள் எட்டுப் பேரும் ஊர் நினைப்பில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டோம். மறுநாள் மாடுகளுக்கான பட்டிப்பொங்கலுக்கு மறுபடியும் ஒரு பானை வைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

பின்னேரம் நான் படலையைத் திறக்கும்போதே ராத்தாவின் சத்தம் கேட்டது. கன்றின் இடப்பக்க வயிறு ஊதி, தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் போட்டது. அசை போடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முனகியது. பெரிய கிளாக்கரும் மற்றவர்களும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுற்றி நின்றார்கள். புண்ணாக்கர் ஓடி வந்தார். முதலில் கன்றைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார். வாளி வெறுமையாகக் கிடந்தது; பகல் முழுவதும் கன்று சாணி போடவில்லை.

"ஆர் சோறு குடுத்தது?" என்றார் மெதுவாக.

பெரிய கிளாக்கர்தான் முதலில் வாய் திறந்தார். "பட்டிப்பொங்கல் ஐசே. ஊரில மாட்டுக்கு வைக்காம நான் ஒரு வருசமும் வாயில வைச்சதில்லை. ஒரு பிடிதான்."

"நானும் ஒரு பிடி" என்றேன். நானும், நானும் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி, மற்றவனுக்குத் தெரியாமல். சின்னட்டி தலையைச் சொறிந்தார். "நான் பானை அடியை வழிச்சு வைச்சனான். வாயில்லாச் சீவன்தானே."

ஏழு பேரையும் சின்னட்டியையும் விரல் மடித்து எண்ணிய புண்ணாக்கர் பலாமரத்தடியில் அப்படியே குந்திவிட்டார். "என்னையும் சேருங்கோ. விடியப்புறம் முதல் பிடி வைச்சது நான்தான். ஒரு பிடி ஒண்டும் செய்யாது எண்டு கணக்குப் பாத்துத்தான் வைச்சனான். மற்ற ஏழு பேரும் அதே கணக்கைப் பாப்பியள் எண்டு நினைக்கேல்லை."

ராத்தா மதிலில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். "படிச்ச ஆக்கள் எட்டுப் பேரு! கடக்காரர் வாறத்துக்கு முந்தி நீங்களே முடிச்சிட்டீங்களே! இனி ஊடு ஊடா எந்தப் பால ஊத்தப் போறேன்?"

அந்த அழுகைதான் புண்ணாக்கரை எழுப்பியது. "சோறு உள்ளுக்க கிடந்து புளிக்குது. மா புளிச்சா அப்பக்காரன் என்ன போடுறவன்? அப்பச்சோடா! ஓடும் ஐசே!" என்று என்னைத் தள்ளினார்.

காலி வீதி அப்பக்கடைக்கு ஓடினேன். என்னுடைய டையையும் அவசரத்தையும் பார்த்த கடைக்காரர், "ஆப்ப ஹதன்னத மாத்தயா?" என்றார். அப்பம் சுடவா என்று சிங்களத்தில் கேட்கிறார். "நே, வஸ்ஸாட்ட!" என்றேன். கன்றுக்கு என்று சொன்னதும் ஒரு பொட்டலத்தைத் தந்துவிட்டுக் கும்பிட்டார்.

சோடாவை வெந்நீரில் கரைத்து, தேங்காய் எண்ணெயும் கலந்து போத்தலால் பருக்கினார் புண்ணாக்கர். "படுக்க விடக்கூடாது, நடத்த வேணும்" என்றார். நடத்தினோம். ஒருவர் கயிறு பிடிக்க, இரண்டு பேர் வயிற்றைத் தேய்க்க, மற்றவர்கள் பின்னால் தள்ள, கோட்டும் டையுமாக எட்டுக் கனவான்கள் ஒரு கன்றோடு ஒழுங்கை வழியே இறங்கி, றெயில் பாதை கடந்து கடற்கரைக்குப் போனோம். ராத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். "பெரஹெரவா மாத்தயா?" என்று ஒரு கிழவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். ஊர்வலம்தான். சாமி மட்டும் முனகிக்கொண்டு வந்தது.

மணலில் மூன்று முறை மேலும் கீழும் நடந்திருப்போம். சூரியன் கடலைத் தொடுகிற நேரம் கன்று நின்றது. கழுத்தை நீட்டி ஒரு ஏப்பம் விட்டது. அப்படி நீளமான ஏப்பத்தை நான் கலியாண வீடுகளில்கூடக் கேட்டதில்லை. பிறகு வாலைத் தூக்கிச் சாணி போட்டது. போட்டது பெரிய கிளாக்கரின் பளபளத்த சப்பாத்து மேலே.

"போட்டிட்டுது! ஐசே, போட்டிட்டுது!" என்று அந்த மனிதர் துள்ளினார். பந்தயத்தில் குதிரை வென்றவர்கூட அப்படித் துள்ள மாட்டார். புண்ணாக்கர் முழங்காலில் விழுந்து, சாணியைப் பார்த்து, கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். "நல்ல சாணி. வாளியைக் கொண்டு வராம விட்டிட்டனே" என்றார்.

பெரிய கிளாக்கர் தன் சோலாத் தொப்பியைக் கழற்றி நீட்டினார். "இந்தாரும். இதில அள்ளும்."

ஹஜ்ஜுக்கு முதல்நாள் இறைச்சிக் கடைக்காரர் வந்தார். ராத்தா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, "விக்கிறதுக்கு இங்க மாடு ஒண்டும் இல்ல நானா" என்று அனுப்பிவிட்டார். அடுத்த பட்டிப்பொங்கலுக்குப் புண்ணாக்கர் தடை போடவில்லை. பொங்கலைத் தராசில் நிறுத்து, ஆளுக்கு ஒரு பாக்களவாகப் பங்கு போட்டார். எட்டுப் பேரும் சின்னட்டியும் வரிசையில் நின்று ஊட்டினோம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ராத்தாவும் ஒரு பங்கு கேட்டு வாங்கி ஊட்டினார்.

நாகு பசுவாகிக் கன்று ஈன்ற நாளில் யுத்தம் தொடங்கிச் சாமான்களெல்லாம் விலை ஏறியிருந்தன. ராத்தா சீம்பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஒரு பீங்கான் கோப்பையில் மூடி மதிலுக்கு மேலால் நீட்டினார். நான் அறைக்குள் ஓடித் தராசை எடுத்து வந்தேன்.

"நிறுக்கல்லயா தம்பி?" என்று ராத்தாவும் கேட்டார்.

புண்ணாக்கர் தலையாட்டினார். "வேண்டாம் ராத்தா. இது சரியாத்தான் இருக்கும்."

படியில் உட்கார்ந்து, எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்துவிட்டு, கடைசிக் கரண்டியை அவர் வாயில் வைத்தார். அந்த மனிதரின் சாணி வாளியை மூன்று வருஷம் திட்டித் தீர்த்தவன் நான். அன்றைக்கு யாரும் பார்க்காத நேரம் போய், அந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.