பேய்ப்படம் பார்த்தால் முழுக வேண்டும்

இனி இந்த வீட்டில் தான் வைத்ததே சட்டம் என்று சண்முகநாதன் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அரசாங்க லீவு, வேலைக்குக் கந்தோர் போகத் தேவையில்லை. அந்தச் சட்டம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இருந்தாலும் மனிதர் முடிவெடுத்தாரே, அதற்காகவாவது இணுவில் ஊர் அவரை ஒருமுறை மதித்துப் பார்த்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கறுப்புப் பெட்டி. லண்டனில் இருக்கும் மைத்துனர் கனகசபாபதி, அதாவது மனைவி குணலட்சுமியின் தமையன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அதற்குள் வீடியோ கசற்றுகள் நிற்க ஆறு அறைகள். ஒரே பேய்ப்படத்தின் ஆறு பாகங்கள். ஆறையும் அடுக்கினால் உறைகளின் முதுகுப் படங்கள் சேர்ந்து பேயின் முழு முகமும் தெரியும். ஆனால் பயணப் பொதியில் ஆறு கசற்றுக்கும் இடம் தர ஒருவரும் சம்மதிக்கவில்லையாம். பெட்டியோடு முதல் பாகம்தான் வந்தது, மற்றவை ஆள் வரவர வரும். இப்போதைக்குப் பேய்க்கு ஒரு காது மட்டும் இருந்தது. அந்தக் காதைப் பார்த்த நாளிலிருந்து சண்முகநாதனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. முழு முகத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அவருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. அது எண்பத்தாறாம் ஆண்டு. கோட்டை இராணுவ முகாம் பக்கமிருந்து கேட்கும் ஷெல் சத்தத்தை நிறுத்த எந்தப் பொத்தானும் இல்லை. இந்தப் பேய்க்கு இருந்தது. அழுத்தினால் நின்றுவிடும். அந்தச் சுகத்தை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பேயை வீட்டுக்குள்ளை விடுறியளோ?” குணலட்சுமி குசினி வாசலில் அகப்பையோடு நின்று கேட்டாள்.

“பேய் பெட்டிக்குள்ளை நிக்குது. நீர் சாமியறைக்குள்ளை நில்லும். ஆளுக்கொரு இடம்.”

“நான் உதைத் தூக்கிக் கிணத்துக்குள்ளை போடுவன்.”

“போடும். அந்தத் தண்ணியை நீர்தானே குடிக்கப் போறீர்.”

குணலட்சுமி அகப்பையைத் தாழ்த்தினாள். கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அப்படி யோசிக்கத் தொடங்கினால் புத்தியுள்ள புருஷன் கவனமாக இருப்பான். சண்முகநாதன் வென்றுவிட்டோம் என்று வீடியோ டெக்கைப் போட்டார்.

பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் எட்வேர்ட் மாஸ்டரும் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். படம் ஒரு மாவரைக்கிற ஆலைக்காரனைப் பற்றியது. செத்தும் அடங்காமல் ஆட்களைத் துரத்தித் துரத்திக் கொல்லுவான். சண்முகநாதன் பாதிப் படத்தைத் தலையணைக்கு மேலாலும் மீதியை விரலிடுக்காலும் பார்த்தார். முடிந்ததும் நெஞ்சு படபடக்க, பசியும் எடுக்க, குசினிப் பக்கம் போனார்.

“நில்லுங்கோ. எத்தினை பேர் செத்தவை?”

“எங்கை?”

“படத்திலை.”

“அஞ்சு பேர். கடைசியிலை ஆலைக்காரனோடை ஆறு.”

“ஆறு செத்தவீட்டுக்குப் போட்டு வந்து குசினிக்குள்ளை காலை வைக்கிறியள். துடக்கெல்லே. போய் முழுகிப்போட்டு வாங்கோ.”

செத்தவீட்டுக்குப் போனவர் அந்தத் தீட்டுப் போகத் தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது சண்முகநாதனுக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து முழுகிக்கொண்டுதான் வருகிறார். ஆனால் லண்டனிலிருந்து கசற்றில் வந்த செத்தவீட்டுக்கு முழுகியவர் யாழ்ப்பாணத்தில் அதுவரை யாருமில்லை.

“இஞ்சேரும், அது நடிப்பு.”

“பிணத்தைக் கண்ணாலை பாத்தனீங்களோ இல்லையோ?”

“பாத்தனான்.”

“சனம் அழுததோ இல்லையோ?”

“அழுதது.”

“பின்னை?”

அந்த வீட்டில் ‘பின்னை’ என்றால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். பேரம் பேசிப் பார்த்தார்.

“சரி, ஒருக்கால் முழுகினால் காணும்தானே?”

“ஆறு வீடு. ஆறு முழுக்கு.”

“ஆலைக்காரனைக் கழிச்சுவிடும். அவன் அடுத்த பாகத்திலை எழும்பி வருவான்.”

“எழும்பேக்கை பாப்பம். இண்டைக்குச் செத்தவன் செத்தவன்தான்.”

திடீரென்று அவருக்கு ஒரு பயம் வந்தது. சொந்தக்காரர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்க வேண்டுமே. “உவை எல்லாம் வெள்ளைக்காரர். எங்களுக்குச் சொந்தமில்லை, கண்டீரோ” என்று முந்திக்கொண்டு சொன்னார்.

“அதை நீங்களே சொன்னது நல்லதாய்ப் போச்சு” என்றாள் குணலட்சுமி.

துணைக்கு மாஸ்டரைக் கூப்பிட்டார். “நீங்களும் பாத்தனீங்கள்தானே மாஸ்டர், வாங்கோவன்.”

“எங்கடை சமயத்திலை முழுக்கு ஒருக்கால்தான், சண்முகநாதன். எனக்கு அதைச் சின்னனிலையே தந்துபோட்டினம்” என்று மாஸ்டர் நனையாத தலையைத் தடவிக்கொண்டு, மனைவி சுகிர்தம் சமைத்து வைத்த மீன்குழம்பைத் தேடித் தன் வீட்டுப் படலைக் கதவைத் திறந்தார்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் தண்ணீர்ப் பம்பு கொட்டிலுக்குள் தூங்கிய காலம் அது. சண்முகநாதன் கிணற்றுத் துலாவை இழுத்து வாளியால் அள்ளித்தான் முழுக வேண்டும். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவர் அந்தத் துலாவில் கை வைத்தவரில்லை. கந்தோர்க் கை நோகும் என்று ஒதுங்கியிருந்தவர், வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். குணலட்சுமி துவாயோடு பக்கத்திலேயே நின்றாள்.

“உந்தக் கல்லிலை நிக்காதேங்கோ, வழுக்கும். இஞ்சாலை வாய்க்காலடிக்கு வாங்கோ. ஓம், அதிலை. இன்னுமொரு வாளி. அந்தப் பொம்பிளைப் பிள்ளை பாவம், அவளுக்கு வடிவாய் முழுகுங்கோ.”

குளிர்ந்த தண்ணீர் உச்சியில் விழ விழ அவருடைய நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. ஆலைக்காரனும் போனான், கோட்டையும் போனது. சாப்பாடு அமிர்தமாக இறங்கியது. கசற்றும் பத்திரம், பெட்டியும் பத்திரம். பேயென்றால் திருநீறு பூசும் மனிசி, ஆறு முழுக்கோடு விட்டுவிட்டாளே என்று அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

அந்த நன்றியை அவர் மறைக்கவில்லை. சுன்னாகத்துக் கந்தோரில் தேநீர் வரும்போதெல்லாம் அதே கதை. “மனிசி எண்டால் உப்பிடி இருக்கவேணும். நான் வழுக்கி விழப்படாது எண்டு துவாயோடை நிண்டவள்.” கேட்டவர்கள் பொறாமைப்பட்டார்கள் என்றே நினைத்தார்.

இரண்டாம் பாகம் வந்தது. மூன்றாம் பாகம் வந்தது. பேய்க்குக் கண் திறந்தது. முழுக்கும் தொடர்ந்தது. ஒருநாள் தெற்குப் பக்கம் நின்று முழுகச் சொல்லுவாள், மறுநாள் வடக்குப் பக்கம்தான் விசேஷம் என்பாள். எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இடையிடையே அவளே நினைவுபடுத்தவும் செய்தாள்.

“இண்டைக்குப் பேய்ப்படம் போடேல்லையோ?”

“எல்லாம் பாத்த படம்தானே.”

“இன்னொருக்கால் பாத்தால் கூட விளங்கும். ஆக்கள் கனக்கச் செத்த பாகத்தைப் போடுங்கோ.”

சித்திரையில் சிறுமாரி பெய்த கிழமை மட்டும் அவர் படம் பார்த்துவிட்டு, சொல்லாமலே துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகப் புறப்பட்டார். “இருங்கோ, இருங்கோ. மழை நாளிலை துடக்கு அவ்வளவாய்ப் பிடிக்காது” என்று தடுத்துவிட்டாள். நனைந்து தடிமன் பிடிக்கக்கூடாது என்ற அக்கறை. அன்றைக்கும் அவருடைய மனம் நிறைந்தது.

ஒரேயொரு தடவைதான் அவர் சாமர்த்தியம் காட்டப் பார்த்தார். மூன்றாம் பாகம் பார்த்து எட்டாம் நாள், வாயூற, மெல்லக் கதையைத் தொடங்கினார்.

“இஞ்சேரும், முழுக்கெல்லாம் முறைப்படி நடக்குது. அப்ப எட்டுச் செலவுப் படையலும் செய்யத்தானே வேணும்? செத்தவைக்கு ஆட்டிறைச்சி விருப்பமாயிருந்திருக்கும். படைச்சுப்போட்டு நாங்கள் சாப்பிடுவம்.”

“உவை சொந்தமில்லை எண்டு சொன்னது ஆர்?”

அன்றைக்கும் முருங்கையிலைச் சுண்டல்தான்.

ஆடி பிறந்தபோது, கிணற்றடி வாய்க்கால் போய்ச் சேரும் பின்வளவு வாழைகள் கறுத்துக் கொழுத்து நின்றன. ஊரெல்லாம் தண்ணீரில்லாமல் இலை வாடிக் கிடக்க, குணலட்சுமியின் கப்பல் வாழை ஒவ்வொன்றும் ஆள் உயரக் குலை தள்ளியது. மருதனார்மடம் சந்தை வியாபாரி வீடு தேடி வந்து வெட்டிக்கொண்டு போனான். சண்முகநாதன் முழுகிவிட்டு வந்து, ஒரு பழத்தை உரித்தபடி அதிசயப்பட்டார்.

“இந்த முறை எப்பிடியப்பா உப்பிடி வந்தது?”

“எல்லாம் உங்கடை கைராசி.”

“சீச்சீ, அது மண்” என்று அவர் அடக்கமாகச் சொன்னார். உள்ளுக்குள், இருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டார்.

ஆவணியில் கனகசபாபதியே நேரில் வந்து இறங்கினார். நான்கும் ஐந்தும் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆறாம் பாகத்தை அவர் பயணப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சண்முகநாதன் அதைக் கடைசி அறைக்குள் தள்ளினார். பேய் முழு முகத்தோடு, இரண்டு காதோடு, எல்லாப் பல்லும் தெரிய அவரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்குக் கண் கலங்கியது.

“அத்தான், நீங்கள் அனுப்பாட்டி இது நடந்திராது. குணம், நீர் விடாட்டியும் இது நடந்திராது. உங்கள் ரெண்டு பேரையும் நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்” என்றார். பிறகு தோளை நீவிவிட்டுக்கொண்டார். “இதைப் பாத்து முழுகினால் எல்லாம் முடிஞ்சுது. இனித் துடக்குமில்லை, துலாவுமில்லை.”

“என்ன முடிஞ்சுது?” என்று கனகசபாபதி பயணப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, முதல் பெட்டியைவிடப் பெரிதாக இன்னொரு பெட்டியை வெளியே எடுத்தார். “இது வேறை பேய். பத்துப் பாகம். முழுசாய் நானே காவிக்கொண்டு வந்தனான். தங்கச்சி சொல்லிவிட்டவள், ஒரு ஊரே சாகிற படமாய்ப் பாத்து வாங்கிவரச் சொல்லி.”

சண்முகநாதன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பேயென்றால் முகத்தைத் திருப்பும் மனிசி, தனக்காக லண்டனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள்?

“இஞ்சேரும் குணம், இதை எனக்காண்டியோ கேட்டனீர்?”

“பின்னை?” என்றாள் குணலட்சுமி. “வாழைக்கு ஆறு பாகம் காணும். கிழக்குப் பக்கம் கொத்திக் கத்தரி வைச்சிருக்கிறன், அதுக்கு ஒரு ஊராவது சாகவேணும்.”