பதினான்காம் மாடி அங்காடிக்காரி பற்றிய முறைப்பாடு

ஸ்காபரோ,
14 பெப்ரவரி 1996

மதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் தங்கள் பத்திரிகையை முதல் ஆளாக எடுக்கும் வாசகன், தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் சகல நலமும் வேண்டி எழுதிக்கொள்வது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க அதிபரின் கீழ் முப்பத்திரண்டு வருடம் கடமையாற்றிப் பிரதம இலிகிதராக இளைப்பாறியவன். என் கையால் போன கடிதம் ஒன்றாவது திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே வரும் விடயத்துக்கு இது தேவை.

எங்கள் கட்டடத்தின் மனேஜர் அம்மா ஸ்கொட்லாந்தில் பிறந்த வயதான பெண்மணி. இரண்டு கிழமைக்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கதிரை தந்து, ஓர் அறிவித்தலைத் தமிழில் ஆக்கித் தரமுடியுமா என்று கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாலு வருடத்தில் ஒருவர் என்னிடம் எழுத்து வேலை கேட்டது அதுவே முதல் தடவை, ஆகவே விடயம் என்னவென்று கேட்க முன்னரே சம்மதித்துவிட்டேன். யாரோ ஒரு பெண் சின்ன வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு மாடி மாடியாகக் கதவு தட்டிச் சாமான் விற்கிறாளாம், ஒருவர் முறைப்பாடு செய்துவிட்டாராம், தொடர்ந்தால் அவள் குடும்பத்தையே வீட்டை விட்டு எழுப்ப வேண்டி வருமாம். அவளை அந்த அம்மா ‘ஹக்ஸ்ரெஸ்’ என்று எழுதியிருந்தார். நான் கேள்விப்படாத சொல். நூலகத்துப் பெரிய அகராதியை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்துப் பார்த்தேன். கூவி விற்கும் பெண்ணுக்கு முன்னாளில் வழங்கிய பெயர், இப்போது அருகிவிட்டது என்றிருந்தது. அவ்வளவு பழைய சொல்லுக்கு நிகரான தமிழ் வேண்டுமென்று இரண்டு நாள் யோசித்து, ‘இக்கட்டடத்தில் திரியும் அங்காடிக்காரிக்கு எவரும் கதவு திறத்தலாகாது’ என்று எழுதிக் கொடுத்தேன். ஆறாந்திகதி பதினெட்டு மாடியிலும் எலிவேற்றருக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். நான் ஒவ்வொரு மாடியிலும் இறங்கி வாசித்தேன்.

அன்றிலிருந்து என்னோடு கதைக்க ஆளில்லை. ஆறாம் மாடி அருள்நாயகம் என்னை எலிவேற்றரில் கண்டதும் படியால் இறங்கிப் போனார், அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு. கடைசியில் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் மரியம்மா என்ற பெண்மணிதான் மனமிரங்கிச் சொன்னார்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. நீங்கள் எழுதினது உங்கட சந்திரவதனா அன்ரியைத்தான்.”

சந்திரவதனா என் மனைவி. நான் காலை பத்து மணிக்கு நூலகம் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவேன். அந்த இடைவெளியில் மிளகாய்த்தூள், பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா, ரவிக்கைத் துணி, பிள்ளை பெற்ற தாய்மாரின் கறிக்குப் போடும் சரக்குத்தூள் எல்லாம் என் வீட்டிலிருந்தே புறப்பட்டிருக்கின்றன. வீடெல்லாம் வறுத்த மிளகாய் மணக்கும்போது, இவ்வளவும் என்மேல் உள்ள பட்சத்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. “ஓம், நான்தான். நோட்டீசை அண்டைக்கே வாசிச்சனான். வடிவாய் எழுதியிருக்கிறியள்,” என்றாள். வண்டி குளிர்ச்சட்டை அலுமாரிக்குள் மடங்கிக் கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, அதற்குமேல் ஒரு சொல் வருவதில்லை. முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை, காண விரும்பியதுமில்லை.

பத்திராதிபர் அவர்களே, என் வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. பிரதம இலிகிதரின் மனைவி கதவு கதவாய்த் தட்டலாமா? இது நம் சமூகத்துக்கு அழகல்ல என்று தாங்கள் ஓர் ஆசிரியத் தலையங்கம் தீட்டவேண்டும். நான் சொன்னால் அவள் கேளாள், அச்சில் வந்தால் யோசிப்பாள்.

இந்தப் பனிக்குளிரில் தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நோயின்றி இருக்க றிச்மண்ட் ஹில் பிள்ளையாரை வேண்டுகிறேன். கார் இல்லாதபடியால் வீட்டிலிருந்தே.

தங்கள் உண்மையுள்ள,
வை. ஸ்ரீஸ்கந்தராசா
இளைப்பாறிய பிரதம இலிகிதர், யாழ்ப்பாணக் கச்சேரி

பிற்குறிப்பு, வியாழக்கிழமை: முத்திரை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. காலையில் மனைவி வாய் திறந்தாள். ஒன்பதாம் மாடியில் நிசாந்தினி என்ற பிள்ளை குழந்தை பெற்று இருபத்தைந்து நாள், புருஷனுக்கு மிசிசாகாவில் இரண்டு வேலை, சரக்குத்தூள் முடிந்திருக்கும், தான் போக ஏலாது, நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கோ என்றாள். போய்த் தட்டினேன். உள்ளே குழந்தை அழுதது, கதவு திறக்கவில்லை. என் பெயரைச் சொன்னேன். உத்தியோகத்தையும் சொன்னேன். பிறகு, “பிள்ளை, நான் சந்திரவதனா அன்ரியின்ர வீட்டுக்காரர்,” என்றேன். சங்கிலி கழன்றது. அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நடைபாதையைப் பார்த்தது.

“அன்ரி வரேல்லையே? ஒன்பது நாளாய் ஒருதரும் கதவு தட்டேல்லை,” என்று சொல்லி, நின்றபடியே அழுதது.

நான் சரக்குத்தூளை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். எனக்கு வெட்கமாயிருந்தது. நேரே மனேஜர் அம்மாவிடம் போய் அந்த ஹக்ஸ்ரெஸ் என் மனைவிதான் என்று சொன்னேன். அவர், தட்டித் திரியக்கூடாது, கூப்பிட்டால் போகலாம் என்றார். ஆகவே மேலே எழுதியது எதையும் பிரசுரிக்க வேண்டாம். பதிலாக இந்தச் சிறு விளம்பரத்தைப் போடவும்:

‘சரக்குத்தூள், மிளகாய்த்தூள், ஒடியல் மா. கூப்பிடுங்கள், வருவோம். திருமதி சந்திரவதனா, 1407. வண்டி இழுப்பவர்: ஸ்ரீஸ்கந்தராசா, மேற்படியாரின் கணவர்.’

வேறு பட்டம் போடவேண்டாம்.